குனியக் கூடாது

பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த ஒரு ஃபேக்டரி ஷெட்டுக்குள் ஒரு நாட்டையே கட்டி வைத்திருந்தார்கள். சாம்பல் நிறச் சுவர், சாம்பல் நிறக் கொடி, சனங்களுக்கெல்லாம் சாம்பல் நிறத்தில் கோட்டு. வரப்போகிற காலமாம். தண்ணீரை சர்க்கார் அளந்து கொடுக்கும். வரிசையை விட்டு விலகியவனுக்குத் தண்ணீர் கிடையாது. பக்கத்தில் நிற்பவன் விழுந்தாலும் குனிந்து தூக்கக் கூடாது. எடுத்துக்கொண்டிருந்த தமிழ் வெப் சீரிஸின் கதை இதுதான். கேட்டதும் குணசேகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்கு ஏன் சார் வரப்போற காலம்? போன கோடையில ஸ்ரீராம்புரத்துக்குத் தண்ணி லாரி வந்தப்போ கேமராவைக் கொண்டாந்திருக்கலாமே" என்றான். டைரக்டர் ரோஹன் வாய்விட்டுச் சிரித்தான். நல்ல பையன் ரோஹன். இந்தக் கதையில் கெட்டவன் என்று யாரும் கிடையாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். தேடி ஏமாற வேண்டாம்.

குணசேகரின் தொழில் கூட்டம் சப்ளை செய்வது. கல்யாணக் கூட்டமா, கலவரக் கூட்டமா, முதல் நாள் சாயந்திரம் சொன்னால் போதும். ஸ்ரீராம்புரம் சந்துகளில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, விடிந்ததும் ஆட்களை வேனில் ஏற்றிவிடுவான். பாதிப் பேர் அவனைப் போலவே தங்கவயலில் பிறந்து, சுரங்கம் மூடியதும் பெங்களூருக்கு வந்து சேர்ந்தவர்கள். அவனும் கூட்டத்தில் ஒருவனாக இருந்து மேலே வந்தவன்தான். பிணமாகப் படுத்திருக்கிறான், பந்தியில் உட்கார்ந்து வெறும் இலையில் சோறு பிசைந்திருக்கிறான், கோர்ட் சீனில் கடைசி பெஞ்சில் தூங்கி வழிந்திருக்கிறான். ஆனால் கேமரா முன்னால் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரே ஒரு டயலாக் பேசிவிட வேண்டும் என்பது அவனுடைய வெகுநாள் ஆசை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.

அன்று காலை வேன் நின்றதும் எல்லோரும் வழக்கம்போல டிபன் பந்தலைப் பார்த்து நடந்தார்கள். அசோசியேட் டைரக்டர் ஷ்ரேயா குறுக்கே ஓடி வந்து குணசேகரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"குணா அண்ணா, ஒரு சின்ன ஹெல்ப். மேக்கப் போட்டு உதடு காஞ்ச மாதிரி பண்ணினோமே, க்ளோஸ்-அப்ல ஃபேக்கா தெரியுது. நிஜமாவே காஞ்சிருக்கணும்னு ரோஹன் சொல்றான். முதல் ஷாட் முடியற வரைக்கும் டிபன், தண்ணி ரெண்டும் வேண்டாம். அரை மணி நேரம்தான். எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு. மேனேஜ் பண்ணுவீங்களா, ப்ளீஸ்?"

அவள் கெஞ்சியது நிஜம். அதுவரைக்கும் தானும் காபி குடிக்கப் போவதில்லை என்றாள், குடிக்கவும் இல்லை. குணசேகர் டிபன்காரரிடம் போய், "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி அண்ணா, அர்த கண்டெ" என்றான் கன்னடத்தில், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கள், அரை மணி நேரம் என்று. இந்த ஊரில் அந்த வார்த்தைக்கு மறுபேச்சு கிடையாது. டிபன்காரர் இட்லிப் பாத்திரத்தை மூடி, தண்ணீர் கேன்களை வேனுக்குப் பின்னால் உருட்டி வைத்தார். ரோஹன் ஷ்ரேயாவிடம் சொன்னான், ஷ்ரேயா இவனிடம் சொன்னாள், இவன் அவரிடம் சொன்னான். ஒருவர் குரலாவது உயரவில்லை.

கோட்டு வாங்க நின்றபோது தனலக்ஷ்மி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஐம்பது தாண்டியவள். தங்கவயலில் குணசேகர் வீட்டுக்கு மூன்றாவது வீடு. அவன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த வருஷம் அவனுக்குத் தலை சீவி ஸ்கூலுக்கு அனுப்பியவள்.

"இன்னா குணா, டிபன் இல்லியா?"

"கொஞ்சம் லேட்டாவும்க்கா. மொத ஷாட்டு முடியட்டும்."

"நான் சுகர் மாத்திரை போட்டுட்டேன்டா. வந்த ஒடனே துன்னப்போறோமேன்னு வேன்லியே முழுங்கிட்டேன். ஒரு இட்லியாச்சும் குடுக்கச் சொல்லேன். வெறும் வயித்துல இருந்தா படபடன்னு வந்துடும் எனக்கு."

"இதோ, அரை மணி நேரம்க்கா. அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

சொல்லிக்கொண்டே பேண்ட் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தான். ஒரு பிஸ்கட் பாக்கெட் எப்போதும் அதில் இருக்கும். இப்போது எடுத்தால் ஐம்பது பேரும் பார்ப்பார்கள். ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு மற்றவர்களுக்கு என்ன பதில் சொல்வது? ஒத்திகை முடிந்ததும் ஓரமாகக் கூப்பிட்டுக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தான். அப்படி நினைத்தான் என்பதை நாம் மறுக்கக் கூடாது.

சீன் ரொம்பச் சின்னது. கம்பி போட்ட ஒரு ஜன்னல். உள்ளே ஒரு ஆபீசர், கையில் முத்திரை. வெளியே தண்ணீர்ச் சீட்டோடு வரிசை. ஜன்னலுக்கு வந்துசேர்ந்த பெரியவர் சுருண்டு விழ வேண்டும். பின்னால் நிற்பவர்கள் அவரைத் தாண்டி வர வேண்டும். ஆபீசர் அலட்டிக்கொள்ளாமல் "அடுத்த ஆள்" என்று கூப்பிட வேண்டும். விழப்போகிறவர் ஜெயவேலு. சுரங்கத்தில் வேலை பார்த்தவர், இப்போது விழுவதில் கைதேர்ந்தவர். அவருக்குப் பின்னால் தனலக்ஷ்மி, அவளுக்குப் பின்னால் மெர்சி என்று காக்ஸ் டவுனிலிருந்து புதிதாக வந்த பெண்.

ஒத்திகையில் ஜெயவேலு விழுந்தார். "ஐயையோ" என்று வரிசை மொத்தமும் குனிந்தது. மெர்சி அவர் தலையைத் தாங்கினாள், தனலக்ஷ்மி தோளைப் பிடித்துத் தூக்கினாள், பின்னாலிருந்து ஒருவர் முந்தானையால் விசிறச் சொன்னார். மறுபடியும் எடுத்தார்கள். மறுபடியும் குனிந்தார்கள். நடிப்புதான் என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் கை கேட்கவில்லை.

ரோஹன் தலையில் கை வைத்துக்கொண்டான். "குணா, உங்க ஆளுங்க ரொம்ப நல்லவங்களா இருக்காங்க. எனக்கு அது வேண்டாம். இவங்க பல வருஷமா இப்படியே பழகிப்போனவங்க. விழறது இவங்களுக்கு நியூஸே கிடையாது. எப்படியாவது கொண்டு வாங்க."

குணசேகர் கொண்டு வந்தான். தொழில் தெரிந்தவன். ஜெயவேலுவை விழவைத்து, எழவைத்து, விழவைத்தான். கீழே கிடப்பது ஆள் இல்லை, சிமெண்ட் மூட்டை என்று நினைத்துக்கொள்ளச் சொன்னான். முன்னால் நிற்பவர் காலரை விட்டுக் கண்ணை எடுக்காதே என்றான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிவது குறைந்தது. கடைசி வரைக்கும் அடங்காதது தனலக்ஷ்மியின் கை மட்டும்தான்.

"அக்கா, உங்க கை ஃபிரேம்ல வருது பாருங்க."

"தானா வருதுடா, நான் இன்னா பண்றது?"

"ரெண்டு கையையும் கோட்டு பாக்கெட்ல வுடுங்க. இன்னும் உள்ள. ஆங், அப்படியே வெச்சுக்கோங்க, எடுக்கவே எடுக்காதீங்க."

பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னான்: "நல்லா கேட்டுக்கோங்க. இன்னா ஆனாலும் சரி, டைரக்டர் கட் சொல்ற வரைக்கும் யாரும் குனியக் கூடாது. திரும்பக் கூடாது. வாயத் தொறக்கக் கூடாது. ஒருத்தர் தப்பு பண்ணாலும் மறுபடியும் மொதல்லேர்ந்து, டிபன் இன்னும் லேட்டாவும்."

டிபன் என்றதும் வேலை நடந்தது. ஜெயவேலு விழுந்தார், ஒருவரும் குனியவில்லை. ரோஹன் கை தட்டினான். குணசேகருக்குப் பெருமையாக இருந்தது.

அப்போதுதான் சென்னையிலிருந்து ஃபோன் வந்தது. ஆபீசராக நடிக்க வேண்டியவருக்குக் காய்ச்சல், ஃபிளைட் ஏறவில்லை. ரோஹன் சற்று நேரம் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். ஒத்திகை முழுக்க ஜன்னலுக்கு உள்ளே நின்று "அடுத்த ஆள்" என்று கத்தியது குணசேகர்தான். ரோஹன் அவனையே பார்த்தான். "நீங்களே பண்ணிடுங்களேன்."

குணசேகருக்குக் காது அடைத்துப்போயிற்று. ரோஹன் அவன் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனான். "கண்ணை உருட்டாதீங்க குணா. வில்லத்தனமே வேண்டாம். இவன் கெட்டவன் கிடையாது. லஞ்ச் டைம்ல கௌன்டர்ல உட்கார்ந்திருக்கிற சாதாரண க்ளார்க். வீட்டுக்குப் போற வழியில கொத்தமல்லி வாங்கணும்னு யோசிச்சிட்டிருக்கான். முன்னாடி ஒரு உயிர் போகுது, அவன் வேலையைப் பார்க்கறான். அதுதான் பயங்கரம். ஊர்ல நடக்கிற பெரிய அக்கிரமமெல்லாம் இந்த மாதிரி ஆளுங்களாலதான் நடக்குது." சொல்லும்போது ரோஹனின் கண் கலங்கியது. அவ்வளவு உணர்ந்து சொன்னான். பத்தடி தள்ளி ஐம்பது பேர் காய்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு நின்றிருந்தார்கள். தடவாதீர்கள், ஈரமாகிறது என்று மேக்கப்காரர் சொல்லிக்கொண்டிருந்தார்.

யூனிஃபார்ம் அவனுக்கென்றே தைத்ததுபோல இருந்தது. காஸ்ட்யூம் ரூம் ஆணியில் பழைய பேண்ட் தொங்கியது, பாக்கெட்டில் பிஸ்கட்டோடு.

அவன் ஜன்னலுக்குள் வந்து உட்கார்ந்ததும் தனலக்ஷ்மி கம்பிக்கு அருகில் வந்தாள். கண்ணை அகலத் திறந்து பார்த்தாள். பாக்கெட்டிலிருந்து கையை எடுத்து அவன் முகத்துக்கு நேராகச் சுற்றி, தன் நெற்றிப் பொட்டில் விரல்களை நெரித்தாள். "என் கண்ணே பட்டுடும்போலக்கீது. டயலாக்குமா இருக்கு?"

"ஒண்ணே ஒண்ணுதான்க்கா."

"ஒண்ணு போதாதா? உங்கம்மா இருந்து பாத்திருக்கணும். பயப்படாம பேசு."

அவள் விரல்கள் நடுங்குவதைப் பார்த்தான். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. வெயில் தகரக் கூரையில் ஏறியிருந்தது, எல்லோருக்கும்தான் வேர்த்தது. ஆனால் இவளுடைய முகம் வெளுத்திருந்தது. பிஸ்கட் நினைவுக்கு வந்தது. காஸ்ட்யூம் ரூம் ஷெட்டின் அந்தக் கோடியில். லைட்டெல்லாம் போட்டாயிற்று. "ஷாட்டு முடிஞ்சதும் மொத ப்ளேட்டு உங்களுக்குத்தான்க்கா" என்றான். அவள் தலையாட்டிவிட்டு இடத்துக்குப் போய், சொன்னபடி இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டாள்.

"ரோல் சவுண்ட்" என்றாள் ஷ்ரேயா. ஷெட் முழுக்க மூச்சடங்கியது.

முதல் ஆள் சீட்டை நீட்டினார். குணசேகர் முத்திரை குத்தினான். அடுத்தவர் வந்தார், குத்தினான். ஜெயவேலு வந்து கம்பியைப் பிடித்தார். அவர் இனிமேல்தான் விழ வேண்டும். அதற்குள் அவருக்குப் பின்னால் தனலக்ஷ்மி ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். கை இரண்டும் பாக்கெட்டில் இருந்தன, ஊன்றுவதற்கு எதுவும் இல்லை. முகம்தான் முதலில் தரையில் பட்டது. அந்தச் சத்தம் ஜன்னலுக்குள் கேட்டது. ஒரு செருப்பு கழன்று தள்ளிப் போய் விழுந்தது.

ஜெயவேலு விழித்தார். திரும்பக் கூடாது, திரும்பவில்லை. சீனை மாற்றிவிட்டார்கள் போல, நம்மிடம் சொல்லவில்லை என்று நினைத்து விழாமலே நின்றார். மெர்சி நேராகப் பார்த்தாள். பார்க்கச் சொன்ன காலர் இப்போது அங்கே இல்லை, இருந்தாலும் அந்த இடத்தையே பார்த்தாள். ஐம்பது பேரில் ஒருவர் குனியவில்லை. தான் எவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம் என்று குணசேகர் கம்பிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

கேமரா சட்டென்று கீழே போய், கிடந்தவளைத் தடவி, மெதுவாக மேலே ஏறி அவன் முகத்துக்கு வந்தது. கேமராவுக்குப் பின்னால் ரோஹன் பாதி எழுந்து நின்று, நிறுத்தாதே, நிறுத்தாதே என்று கையை ஆட்டினான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தனலக்ஷ்மி அபாரமாக நடிக்கிறாள் என்றே அவன் நம்பினான். மாத்திரை விஷயம் அவனுக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் ஜன்னலுக்குள் உட்கார்ந்திருந்தான்.

குணசேகருக்கு விழுந்த கணமே தெரிந்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தை, "கட்." அதைக்கூடச் சொல்ல வேண்டாம், நாற்காலியை விட்டு எழுந்தால் போதும். ஆனால் டைரக்டரைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லக் கூடாது. ஒரு படத்தில் எவனோ ஒருவன் சொல்லிவிட்டு அப்புறம் இந்த ஊரில் எந்த செட்டுக்குள்ளும் நுழைய முடியாமல் போனது நினைவுக்கு வந்தது. ஷ்ரேயா அங்கேயே நிற்கிறாள், அவள் பார்த்துக்கொள்வாள். இதோ ரோஹனே கட் சொல்லிவிடுவான். ஒருவேளை அக்கா நிஜமாகவே நடிக்கிறாளோ என்னவோ. இத்தனை நினைப்பும் வரிசையாக வந்தன, ஒன்றாவது பெரியது இல்லை. எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று இருந்தது, அதுதான் உண்மையானது. கேமரா என் முகத்தில் இருக்கிறது. நான் நன்றாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

அவன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. முத்திரையை மைப்பெட்டியில் ஒற்றி ஜெயவேலுவின் சீட்டில் குத்தினான். யாரும் சொல்லிக் கொடுக்காமல், தானாகவே, மணிக்கட்டைத் திருப்பி வாட்சைப் பார்த்தான்.

"அடுத்த ஆள்."

ஜெயவேலு நகர்ந்தார். மெர்சி காலைத் தூக்கி தனலக்ஷ்மியைத் தாண்டினாள். அவன் குத்தினான். "அடுத்த ஆள்." இன்னொருவர் தாண்டினார். தரையில் தனலக்ஷ்மியின் செருப்பில்லாத கால் இரண்டு மூன்று தடவை வெட்டி இழுத்தது. பிறகு அதுவும் நின்றது. "அடுத்த ஆள்" என்றான் குணசேகர். ரோஹன் அப்போதும் கட் சொல்லவில்லை. கிடைத்தற்கரியது கிடைத்திருக்கிறது, யாருக்குத்தான் நிறுத்த மனசு வரும்?

கட் சொன்னதும் யூனிட்டே கை தட்டியது. ரோஹன் ஓடி வந்து கம்பி வழியாக அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். "அந்த வாட்ச்! குணா, அந்த வாட்சைப் பார்த்தீங்களே! எப்படித் தோணுச்சு?"

"சார், தனக்கா..." என்றான் குணசேகர். அப்போதுதான் குரல் உடைந்தது.

அவன் வெளியே ஓடியபோதும் வரிசை அப்படியே நின்றது. இனி குனியலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மெர்சி கேமராவைப் பார்த்தபடியே அழுதுகொண்டிருந்தாள். குணசேகர் அக்காவைப் புரட்டினான். மூக்கிலிருந்து ரத்தம், உடம்பு சில்லென்று நனைந்து கிடந்தது. "சர்க்கரை, யாராச்சும் சர்க்கரை கொண்டாங்க" என்று கத்தினான். ஷ்ரேயா தன் காபிக்கு வைத்திருந்த சர்க்கரையை அழுதுகொண்டே கொண்டு வந்து வாயில் திணித்தாள். கார் வந்தது.

தூக்கப் போகும்போது காஸ்ட்யூம் பெண் ஸ்னேஹா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள். "அண்ணா, தப்பா நினைக்காதீங்க. அந்த கோட்டு கன்டின்யூட்டில இருக்கு, அடுத்த ஷாட்லயும் அதேதான் வரணும். வேற இல்ல." அவள் சொன்னது சரிதான், வேறு கோட்டு கிடையாது. குணசேகரே பொத்தான்களைக் கழற்றினான். பாக்கெட்டுக்குள் இறுகியிருந்த கைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். தள்ளிக் கிடந்த செருப்பை எடுக்கப் போனபோது ஆர்ட் டிபார்ட்மெண்ட் ஆள், "அதைத் தொடாதீங்க, ஷாட்ல இருக்கு" என்று அதைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டான்.

ஷ்ரேயா காரில் ஏறினாள். குணசேகரும் கதவைப் பிடித்தான். ரோஹன் பின்னால் வந்தான். அவன் முகமும் வெளுத்துப்போயிருந்தது. "போகணும்தான் குணா, நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா உங்க க்ளோஸ்-அப் ஒண்ணு பாக்கி. லைட் மாறிடும். ஷ்ரேயா கூட இருக்கா இல்ல? அரை மணி நேரம்தான்."

குணசேகர் கதவை விட்டான். கார் போயிற்று. பந்தலில் இட்லி போட்டார்கள், அவன் சாப்பிடவில்லை. அந்தக் கோட்டை வேறொருத்திக்கு மாட்டி, எங்கே எப்படிப் படுக்க வேண்டும் என்று அவனே சொல்லிக் கொடுத்தான்.

ஆஸ்பத்திரிக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலமாகிவிட்டது. நர்ஸ் ஜூலியா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கதான் ஷூட்டிங்குக்குக் கூட்டிட்டுப் போனவரா? சுகர் அடிமட்டத்துக்குப் போயிருச்சு சார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா எங்களால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. மாத்திரை போட்டவங்களை யாராவது பட்டினி போடுவாங்களா?"

தனலக்ஷ்மி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கில் கட்டு, கையில் டிரிப். அவனைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"ஷாட்டைக் கெடுத்துட்டேனா குணா?"

"இல்லக்கா."

"பயந்தே போய்ட்டேன். ஜெயவேலு அண்ணன் விழறதுக்கு முன்னாடி நான் விழுந்து வெச்சேன் பாரு. மறுபடியும் மொதல்லேர்ந்துன்னு சொல்வாங்களேன்னு."

"இல்லக்கா, அதையே வெச்சுக்கிட்டாங்க."

அவள் முகம் தெளிந்தது. "ஒடனே நெனவு போகலடா எனக்கு. கண்ணுதான் இருட்டிக்கிச்சு. காது கேட்டுது. உன் கொரல் கேட்டுது. அடுத்த ஆள்னே பாரு, கணீர்னு. ஒரு கையை உருவித் தூக்கிக் காட்டலாமான்னு பாத்தேன், வாய்விட்டு தண்ணின்னு கேட்டுடலாமான்னும் இருந்துச்சு. அப்புறம் நெனச்சேன், வாணாம், இத்தினி வருஷம் கழிச்சு அவனுக்கு மொத டயலாக்கு, நம்ம கெடுத்துடக் கூடாதுன்னு. நீ சொன்ன மாதிரியே அசையாம கெடந்தேன். நல்லா வந்துதா?"

குணசேகர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"நல்லா வந்துதுக்கா."

"அது போதும்" என்றாள். காலைக் கீழே தொங்கவிட்டுத் தடவிப் பார்த்தாள். "பாத்ரூம் போணும்டா. ஒரு செருப்புதான் கெடைக்குது. இன்னொண்ணு எங்க போச்சு? அடியில போயிருக்கும், ஸ்வல்ப பாரேன்."

அது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். பொம்மசந்திராவில், லைட்டுக்கு அடியில், சாக்பீஸ் கோட்டுக்குள் இருக்கிறது. நாளைக் காலை வரைக்கும் அதை யாரும் தொட மாட்டார்கள்.

"இருங்கக்கா, பாக்கறேன்" என்று குணசேகர் முட்டி போட்டு, கட்டிலுக்கு அடியில் தலையைக் குனிந்தான்.

"கெடச்சுதா?" என்று மேலேயிருந்து அவள் கேட்டாள். அவன் நிமிரவில்லை.